அனுப்பியாயிற்று, சேர்ந்ததோ?

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பெருவீதியிலே, விசுவமடுவைக் கடந்து புதுக்குடியிருப்பை அடையுமுன் வருவது உடையார்கட்டு. குளமும் வயலுமாகக் கிடக்கும் இவ்வூரே நமது ஊர். சென்ற ஆவணி விடுமுறையிலே நமது வீட்டு விறாந்தையில் மூன்று பழங் கணினிகள் பத்து நாட்கள் குடியிருந்தன. அவற்றைக் கொண்டு நாம் செய்த காரியத்தைக் கேட்டால் வாசகர்கள் நகைத்தல் கூடும். இற்றைக்குக் கால் நூற்றாண்டுக்கு முன் வழக்கிலிருந்த 'விண்டோஸ் 98' என்னும் பணிசெயல் முறைமையிலே, 'வின்பொப்அப்' என்றொரு சிறு செய்திக் கருவியை நிறுவினோம். கைக்குக் கை தொலைபேசி உலவும் இந்நாளில் இஃது என்ன வீண் வேலை என்று அயலார் கேட்கத்தான் செய்தனர்.

காரணம் ஒரு மாணவனின் வினா. வகுப்பிலே வலையமைப்பைப் பற்றிச் சொல்லிக் கொண்டிருந்தபோது அவன் எழுந்து, "சேர், வட்ஸ்அப்பில முதல்ல ஒரு சரி விழுது, பிறகு ரண்டாவது சரி விழுது. அந்த ரண்டாவது சரியை ஆர் போடுறது?" என்றான். நாம் அறிந்தவாறு விடை கூறினோம். கரும்பலகையில் அம்புக்குறிகளும் வரைந்தோம். மாணவர் தலையசைத்தனர். ஆயினும் ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டு பழகியவர்க்குத் தலையசைப்பு வேறு, விளக்கம் வேறு என்பது முகத்தைப் பார்த்த அளவில் தெரியும். இரண்டாவது சரி இல்லாத ஒரு கருவியை இவர்கள் கையாண்டு பார்த்தாலன்றி, அதனை இடுபவர் யார் என்பது விளங்காது என்று நமக்குத் தோன்றிற்று. அப்பொழுதே அறை மூலையில் சாக்கு மூடிக் கிடந்த அம்மூன்று பொறிகளும் நினைவுக்கு வந்தன.

கொழும்பிலே ஓர் அலுவலகத்தார் கழித்து விட்டவை அவை. மீள்குடியேற்றத்தின் பின், 2012 ஆம் ஆண்டளவில், நண்பரொருவர் லொறியிலேற்றி அனுப்பி வைத்தார். அன்றே அவை முதியவைதாம். விண்டோஸ் 98 வெளிவந்தது 1998 ஜூன் 25 இல். அதனை ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனம் அதற்குரிய பராமரிப்பை நிறுத்திக் கொண்டது 2006 ஜூலை 11 இல். இணையத்தோடு இணைப்பதற்கு அது இப்பொழுது ஒரு சிறிதும் தகாது. ஆனால் நமக்கு இணையம் வேண்டியதில்லை. விறாந்தையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரு சொல் போனாற் போதும்.

மூடிய சாக்கை நீக்கி மின்சாரம் கொடுத்தோம். இரண்டு பொறிகள் முனகலோடு எழுந்தன. மூன்றாவது எழுந்ததெனினும், தான் வாழ்வது 1980 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி என்று சாதித்தது. உள்ளே நாணயம் போன்றதொரு சிறு மின்கலம் உண்டு. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. அது செத்துப்போனால் பொறி காலக்கணக்கின் தொடக்கத்திற்கே திரும்பிவிடும். புதியது வாங்கக் கடைக்குப் போகவேண்டும். அது வரையில் 1980 இலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். மாணவர்களில் எவரும் அவ்வாண்டிற் பிறந்திருக்கவில்லை என்பதில் அவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அடுத்து வலையட்டை. ஒரு பொறியில் அதனை இயக்கும் மென்பொருள் இல்லை. நமது மடிக்கணினியில் அதனைத் தேடி எடுத்து, விரல் நீள நினைவுக் கோலிலே பதிந்து கொண்டு வந்தான் ஒருவன். செருகினான். பழம்பொறி அதனை ஏறிட்டும் பாரவில்லை. விண்டோஸ் 98 பிறந்த காலத்தில் அத்தகைய கோல்கள் இல்லை. அவற்றை அறிந்துகொள்ளும் அறிவு அதற்கு இயல்பாக ஊட்டப்படவுமில்லை. கோலை அறிமுகஞ் செய்ய வேறொரு மென்பொருள் வேண்டும். அம்மென்பொருளையோ அக்கோலிலே கொண்டுவர முடியாது! முடிவில் வேண்டியதை இறுவட்டில் எழுதிக் கொடுத்த பின்னரே காரியம் நடந்தது.

வடத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. முதலில் இரண்டு பொறிகளை மட்டும் ஒரே வடத்தினால் நேரே தொடுத்தோம். வலையட்டையின் பச்சை விளக்கு எரியவில்லை. வடம் நல்ல வடந்தான். பழைய வலையட்டைகள் 1 ஆம் 2 ஆம் கம்பிகளிற் பேசும். 3 ஆம் 6 ஆம் கம்பிகளிற் கேட்கும். நேர் வடத்தினால் தொடுத்தால் ஒன்றின் வாய் மற்றதன் வாயோடும், ஒன்றின் செவி மற்றதன் செவியோடும் பொருந்திவிடும். இருவரும் பேச, இருவர்க்கும் கேளாது. நம் குடும்பங்களிலும் இது நடப்பதுண்டு என்று நாம் சொல்ல, மாணவர் சிரித்தனர். இக்காலத்து அட்டைகள் இதனைத் தாமே உணர்ந்து மாற்றிக் கொள்கின்றன. பழையவற்றுக்குக் கம்பிகளைக் குறுக்கே மாற்றிய வடமோ, 'ஹப்' என்னும் நடுப்பெட்டியோ வேண்டும். பழைய பொருள்களோடு வந்த ஹப் ஒன்று கிடைத்தமையால் மூன்று பொறிகளையும் அதனோடு பிணைத்தோம். பச்சை விளக்குகள் மூன்றும் எரிந்தபோது விறாந்தையில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு, பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தனர்.

பொறிகளுக்குப் பெயரிடும் உரிமையை மாணவர்க்கே கொடுத்தோம். குளம், வயல், பனை என்று ஆங்கில எழுத்துக்களாற் பெயரிட்டார்கள். பெயர் பதினைந்து எழுத்துக்கு மேற்படலாகாது என்பது விதி. மூன்றும் சேர்ந்த குழுவுக்கு ஊரின் பெயரையே இட்டோம். அது பன்னிரண்டு எழுத்தில் அடங்கிற்று. முகவரி வழங்குவார் ஒருவரும் அவ்வலையில் இல்லாமையால், பொறிகள் 169.254 எனத் தொடங்கும் முகவரிகளைத் தாமே சூடிக்கொண்டன. இவ்வளவும் இரண்டு நாள் வேலை.

விருப்பமெனின் நிறுவுக

வின்பொப்அப் என்பது விண்டோஸ் 98 இன் ஒரு பகுதியேயாயினும், விரும்பினவர் மட்டும் நிறுவிக் கொள்ளும் பகுதி. நமது பொறிகளில் அது இல்லை. நிறுவும் வழி எளிது. 'கண்ட்ரோல் பனல்' என்னும் கட்டுப்பாட்டுப் பலகத்தைத் திறந்து, மென்பொருள்களைச் சேர்க்கவும் நீக்கவும் அமைந்த சாளரத்திற் புகுந்து, 'விண்டோஸ் செற்அப்' என்னும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 'சிஸ்டம் ரூல்ஸ்' என்னும் தொகுதியை விரித்தால் வின்பொப்அப் என்ற பெயரும் அருகே ஒரு வெறுங்கட்டமும் தோன்றும். கட்டத்திற் குறியிட்டு ஒப்புதல் கொடுத்தால், "விண்டோஸ் இறுவட்டைச் செருகுக" என்று கேட்கும். இதற்கு முந்திய விண்டோஸ் 95 இல் இதே கருவி 'அக்ஸஸரீஸ்' என்னும் தொகுதியின் கீழ் இருந்தது. கற்பிக்கிறவர்கள் இதனை நினைவிற் கொள்க. நாம் முதலில் அத்தொகுதியிலே தேடி அரைமணி நேரத்தை வீணாக்கினோம்.

இறுவட்டோ கீறல் விழுந்தது. வயலில் நன்றாக வாசித்த வட்டைப் பனை வாசிக்க மறுத்தது. நிறுவுதற்குரிய கோப்புக்கள் யாவும் வட்டின் ஒரே அடைவில் உள்ளனவாதலின், அவ்வடைவை வயலின் வன்தட்டிற் பெயர்த்துவைத்து, வலைவழியே மற்றைப் பொறிகளுக்குக் கொடுத்தோம். வட்டைக் கேட்ட இடத்திலே அந்த அடைவைச் சுட்டிக் காட்டினாற் போதும். சில வினாடிகளில் நிறுவல் முடிந்தது.

முடிந்த பின்னரும் குளம் மட்டும் வலையிற் சேர மறுத்தது. காரணத்தைக் கண்டறிந்தவள் ஒரு மாணவி. பொறி எழும்போது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சிறு சாளரத்தை, பொறுமையற்ற ஒருவன் 'எஸ்கேப்' விசையை அழுத்தித் தள்ளி விட்டிருந்தான். விண்டோஸ் 98 மிகவும் சாது. கடவுச்சொல் சொல்லாதவனையும் வீட்டினுள் விட்டுவிடும். ஆனால் வலையமைப்பின் கதவை அவனுக்குத் திறவாது. மீண்டும் பெயர் கொடுத்து நுழைந்ததும் சரியாயிற்று.

கருவியைத் திறந்தால் ஒரு சிறு சாளரம். கடித உறை போன்ற பொத்தான் ஒன்று. அதை அழுத்தினால் யாருக்கு என்று கேட்கும். ஒரு பொறியின் பெயரையோ ஓர் ஆளின் பெயரையோ கொடுக்கலாம்; அன்றி, குழு முழுமைக்கும் ஒரே முறையில் அனுப்பலாம். செய்தியை எழுதி அனுப்ப வேண்டியதே. மறுபுறத்தில் ஓர் ஒலி எழும். சாளரம் மேலெழுந்து செய்தியைக் காட்டும். படம் இல்லை, குரல் இல்லை, சிரிக்கும் முகங்கள் இல்லை. எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கவும் அதில் இடமில்லை. ஆகவே தமிழை ஆங்கில எழுத்தால் எழுதினார்கள். இதில் நமக்கு வருத்தமுண்டு. ஒருங்குறித் தமிழைத் தானே காட்டவல்ல விண்டோஸ் 2000 இலிருந்துதான் வந்தது. அக்காலத்தில் நம்மவர் பாமினி போன்ற எழுத்துருக்களைக் கொண்டு காலங் கழித்தனர்; எழுத்துருவை மாற்ற இயலாத சாளரத்தில் பாமினியாலும் பயனில்லை.

வயலிலிருந்து குளத்திற்குச் சென்ற முதற் செய்தி, "தண்ணி திறந்து விடு" என்பது. பிள்ளைகள் விவசாயிகளின் பிள்ளைகள் அன்றோ!

இரண்டாம் நாளில், "இன்று பாடம் இல்லை, வீட்டுக்குப் போகலாம்" என்றொரு செய்தி 'அதிபர்' என்ற பெயரோடு எல்லாத் திரைகளிலும் தோன்றிற்று. விண்டோஸ் 98 இல் நுழையும்போது எந்தப் பெயரைத் தட்டினாலும் அது நம்பிவிடும். அக்குறும்பைச் செய்தவன் யார் என்பதை நாம் இன்றுவரை விசாரிக்கவில்லை. அனுப்பியவர் பெயரைக் கண்ட மாத்திரத்தில் நம்பலாகாது என்ற பாடத்தை, நாம் ஒரு மணி நேரம் நின்று கற்பிப்பதினும் அவன் நன்றாகக் கற்பித்தான்.

பெட்டி சொன்ன பொய்

மூன்றாம் நாள், நாம் பார்த்திருந்த வேளை வந்தது. பனையில் வின்பொப்அப் சாளரத்தை ஒருவருமறியாமல் மூடிவிட்டோம். கருவி திறந்திருந்தாலன்றிச் செய்தியை ஏற்காது. இஃது அதன் பெருங் குறை. வயலில் இருந்த மாணவி குழு முழுமைக்கும் ஒரு செய்தி அனுப்பினாள். செய்தி வெற்றியுடன் அனுப்பப்பட்டது என்று அவள் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றிற்று. குளத்தில் மணியொலித்தது. பனை மௌனமாக இருந்தது.

"சேர், போட்டுது எண்டு சொல்லுது. ஆனா இஞ்ச ஒண்டும் வரேல்லை!" என்றான் பனையின் முன் இருந்தவன்.

மறுபடியும் அனுப்பச் சொன்னோம். மறுபடியும் வெற்றி. இம்முறை குளத்திலும் கருவியை மூடிவிட்டு அனுப்பச் சொன்னோம். கேட்பார் ஒருவருமே இல்லை, அப்பொழுதும் வெற்றி! "இது பொய் சொல்லுது" என்று அவள் முகஞ் சுளித்தாள்.

பொய்யன்று. குழுவுக்கென்று விடப்படும் செய்தி, கணினி நூலார் 'மெயில்ஸ்லொற்' என்று கூறும் முறையாற் செல்வது. சுவரிலே கடிதம் போடும் துளை ஒன்று இருக்கிறதென்று கொள்க. வெளியே நிற்பவர் துளையிற் கடிதத்தைப் போட்டுவிட்டு நடக்கிறார். உள்ளே ஆள் இருக்கிறாரா, கடிதத்தை எடுத்தாரா, எலி கடித்ததா என்பது அவர் அறியார். 'அனுப்பினேன்' என்று அவர் சொன்னால் அது மெய்யே. 'சேர்ந்தது' என்று அவர் சொல்லவில்லை. குளக்கட்டில் நின்று, "எல்லாரும் வாருங்கோ" என்று கூவுகின்றவன் நிலையும் அதுவே. கூவியது உறுதி, கேட்டது உறுதியன்று.

இவ்விடத்திலே மாணவர்க்கு நாம் 1969 ஆம் ஆண்டுக் கதையொன்றைச் சொன்னோம். இன்றைய இணையத்துக்கு மூதாதையாகிய அர்பாநெற் என்னும் வலையமைப்பிலே முதற் செய்தி சென்றது அவ்வாண்டு ஒக்டோபர் 29 இரவு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலிருந்து சார்லி கிளைன் என்னும் மாணவர், ஸ்ரான்போர்ட் ஆய்வு நிலையத்திலிருந்த கணினிக்கு 'லொகின்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாக அனுப்பினார். 'எல்' போயிற்று, 'ஓ' போயிற்று, அதன்மேல் மறுபுறத்துக் கணினி நிலைகுலைந்தது. ஆகவே அவ்வலையமைப்பின் முதற் செய்தி இரண்டே எழுத்து. ஆனால் நாம் மாணவர்க்குச் சுட்டியது வேறொன்று. இவ்விரண்டு எழுத்தும் போய்ச் சேர்ந்தன என்பதை அனுப்பியவர் எவ்வாறு அறிந்தார்? தொலைபேசியினாலே! இருபுறத்தாரும் காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, "வந்ததா?", "வந்தது" என்று பேசிக்கொண்டே அனுப்பினர். புதிய வழி வேலை செய்கிறது என்பதற்குப் பழைய வழியே சாட்சி.

"ஃபோனும் இல்லாத இடத்தில?" என்று ஒருவன் கேட்டான். அவனுக்கு விடையாக நமது வீட்டுக் கதை ஒன்று உண்டு. இதுகாறும் நாம் அதனை வகுப்பிற் சொன்னதில்லை.

சின்னம்மாவின் கடிதங்கள்

1996 ஆம் ஆண்டு. நமக்கு வயது பதினாறு. வன்னியில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, மின்கலமும் தடை செய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாதலின், மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம். நமது சின்னம்மா நம்மோடு இருந்தார். அவருடைய ஒரே மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலையாயிருந்தார். சின்னம்மாவுக்குக் கண்பார்வை மங்கல். அவர் சொல்ல, நாம் எழுதுவோம். பங்குனி மாதத்தில் ஒரு கடிதம் எழுதித் தபாலிற் சேர்த்தோம். "நான் சுகம், நீ சாப்பிடுகிறாயா, பதில் போடு" என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

கடிதங்கள் வவுனியாவைக் கடந்து போகவும் வரவும் வாரங்கள் சென்றன; சில மாதங்கள் சென்றன; சில வரவேயில்லை. ஒவ்வொரு நாளும் மாலையில் சின்னம்மா, "போட்டனியே?" என்று கேட்பார். "போட்டாச்சு, சின்னம்மா." "சேந்திருக்குமோ?" இந்த இரண்டாவது கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. வைகாசியில் அதே கடிதத்தை மறுபடியும் எழுதுவித்தார். ஆவணியில் மூன்றாவது முறை. ஒரு சொல்லும் மாற்றவில்லை; முதற் கடிதம் சேராதிருப்பின் இதுதானே முதற் கடிதம் என்பது அவர் எண்ணம். மார்கழியில், அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார். அது நமக்கு அச்சத்தைத் தந்தது.

1997 தை மாதத்தில் அண்ணன் கடிதம் வந்தது. வாசிக்க வாசிக்க நமக்குத் தலை சுற்றிற்று. பங்குனிக் கடிதம் சித்திரையிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது. உடனே பதில் எழுதியிருக்கிறார். அப்பதில் வரவில்லை. வைகாசிக் கடிதமும் சேர்ந்தது. ஆனால் அதில் அதே சொற்கள் இருந்தமையாலும், திகதி இடும் வழக்கம் நமக்கு அப்போது இல்லாமையாலும், வழியில் தங்கிப் பிந்தி வந்த பழங்கடிதம் என்று அவர் எண்ணிப் பேசாதிருந்துவிட்டார். மூன்றாவதும் அவ்வாறே வரவே ஐயமுற்று, மீண்டும் எழுதினார். சின்னம்மா எழுதிய மூன்று கடிதங்களும் சேர்ந்தன. சேர்ந்தது என்ற சொல் மட்டுமே சேரவில்லை. அந்தப் பத்து மாதமும் சின்னம்மா, மகன் இல்லை என்றே மனத்துள் முடிவு செய்திருந்தார் என்பதைப் பின்னர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

விறாந்தையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அந்த மாணவி, "சேர், கடிதத்தில இலக்கம் போட்டிருக்கலாம்" என்றாள். 1, 2, 3 என்று இலக்கமிட்டிருந்தால் அண்ணன் இது புதிய கடிதம் என்று அறிந்திருப்பார். 'முதலாவது கிடைத்தது, இரண்டாவது கிடைத்தது' என்று எழுதியிருப்பார்.

அவள் அறியாமலே சொன்னது இணையத்தின் உயிர்நாடியான முறையை. விந்தன் செர்ஃப், ரொபேட் கான் என்னும் இருவர் 1974 இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்து, 1981 இல் நிலைபெற்ற ரிசிபி என்னும் நெறிமுறை இதனையே செய்கிறது. அனுப்பும் தரவுக்கு வரிசையெண் இடுதல். பெற்றவர் எதுவரை பெற்றோம் என்று திருப்பிச் சொல்லுதல். குறித்த காலத்துள் அச்சொல் வாராவிடின் மறுபடி அனுப்புதல். இருமுறை வந்ததை எண் பார்த்து ஒதுக்குதல். சின்னம்மா மறுபடி அனுப்புதலைத் தாமாகவே கண்டுபிடித்திருந்தார். எண் இடுதல் ஒன்றே எஞ்சியிருந்தது.

வின்பொப்அப்பில் எண் இடும் வசதி இல்லாமையால், மாணவர் தாமே ஒரு கட்டளை வகுத்தனர். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் இலக்கம். பெற்றவர் அவ்விலக்கத்தோடு 'கிடைத்தது' என்று திருப்பியனுப்ப வேண்டும். ஒரு நிமிடத்தில் வாராவிடின் மீண்டும் அனுப்ப வேண்டும். இரண்டு நாள் இதை விளையாட்டாகவே நடத்தினார்கள். நாம் இடையிடையே ஒரு பொறியின் கருவியை மூடியும், ஹப்பிலிருந்து வடத்தைப் பிடுங்கியும் இடையூறு செய்தோம். மழைக்கு மின்சாரம் நின்று அதுவும் தன் பங்குக்கு இடையூறு செய்தது.

ஐந்தாம் நாள் முதல் வினாவைக் கேட்டவனே மீண்டும் எழுந்தான். "சேர், நான் 'கிடைத்தது' எண்டு அனுப்புறன். அது போய்ச் சேந்தது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? அதுக்கும் ஒரு 'கிடைத்தது' வேணுமே?"

நமக்கு உள்ளம் குளிர்ந்தது. 1975 இல் அக்கொயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்னும் மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுப்பிய சிக்கல் இது. இரு கொள்ளைக் கூட்டத்தார் ஒரே வேளையில் தாக்க உடன்படவேண்டும். இடையே செல்லும் தூதுவன் வழியிற் பிடிபடலாம். எத்தனை முறை 'கிடைத்தது' என்று தூது மாறினாலும், கடைசியாக அனுப்பியவர்க்கு அது சேர்ந்ததோ என்ற ஐயம் தீராது. பின்னர் 1978 இல் ஜிம் கிரே என்பார் கொள்ளையரைப் படைத்தலைவர்களாக்கி 'இரு தளபதிகள்' என்று பெயரிட, அப்பெயரே நிலைத்தது. முழு உறுதி என்பது எந்தக் கணினியாலும் கிடைப்பதன்று. ஐயத்தைப் பொறுத்துக் கொண்டு, தகுந்த அளவில் நிறுத்திக் கொள்வதே நடைமுறை.

இனி அவனது முதல் வினாவுக்கு வருவோம். வட்ஸ்அப்பில் முதலாவது சரி, செய்தி அந்நிறுவனத்தின் சேவையகத்தை அடைந்ததைக் குறிக்கும். இரண்டாவதை இடுவதற்குக் காரணமாவது பெற்றவரின் கைத்தொலைபேசியே. 'கிடைத்தது' என்று அது திருப்பியனுப்பும் சொல் நம் திரையில் இரண்டாவது சரியாகத் தோன்றுகிறது. பெற்றவர் தொலைபேசியை அணைத்து வைத்திருந்தால் செய்தி சேவையகத்திலே முப்பது நாள் வரை காத்திருக்கும். வாசித்ததைக் காட்டும் நீல நிறம் 2014 நவம்பரில் வந்தது. இரண்டாவது சரி விழாதபோது செய்தி சேரவில்லை என்று துணிந்துவிடலாகாது. சேர்ந்து, அந்தச் சொல் திரும்பாதிருக்கவும் கூடும். இதனைச் சொல்லும்போது நாம் கரும்பலகையை நாடவில்லை. "சின்னம்மாட கடிதம் மாதிரி" என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

காத்திருக்கும் வசதியைப் பழைய பணிசெயல் முறைமைகள் அறியாதன அல்ல. 'மெசேஜ் கியூயிங்' என்று வேறொரு விருப்பப் பகுதி உண்டு. 1997 இல் விண்டோஸ் என்ரி 4 உக்கு வந்து, பின்னர் விண்டோஸ் 2000 இலும் எக்ஸ்பியிலும் விரும்பினவர் நிறுவும் பகுதியாக இருந்தது. அது மனிதர் பேசுவதற்கன்று. மென்பொருள்கள் தம்முள் பேசுவதற்கு. மறுபுறம் உறங்கினால் செய்தியை வரிசையில் வைத்துக் காத்திருந்து, விழித்ததும் கொடுக்கும். வின்பொப்அப் கூவுகிறவன் என்றால், இது தபாற் கந்தோர்.

வின்பொப்அப்பின் முடிவும் சொல்லத்தக்கதே. அதற்கு உடன்பிறப்பாக எக்ஸ்பி முதலியவற்றில் இயங்கிய 'மெசெஞ்சர்' சேவையை 2002 ஆம் ஆண்டளவில் விளம்பரக்காரர் பிடித்துக்கொண்டனர். இணையத்தோடு தொடுத்த பொறிகளின் திரைகளில் கேளாத விளம்பரங்கள் குதித்தெழுந்தன. யார் கூவினாலும் வாங்கிக் கொள்ளும் செவிக்கு வேறென்ன கிடைக்கும்? 2004 இல் எக்ஸ்பியின் இரண்டாவது திருத்தத் தொகுதியில் அதனை அடக்கி வைத்தனர். விஸ்ராவில் நீக்கியே விட்டனர்.

விடுமுறை முடிந்தது. பொறிகளை மீண்டும் சாக்கினால் மூடவேண்டிய நாள். வின்பொப்அப்புக்கு மற்றொரு குணமும் உண்டு: சாளரத்தை மூடினால் உள்ளிருந்த செய்திகள் யாவும் அழிந்துபோம், எங்கும் சேமிப்பதில்லை. பனையின் முன்னிருந்த மாணவி, மூடுவதற்கு முன் தன் கொப்பியை எடுத்து, அன்று வந்த செய்திகளை இலக்கத்தோடு ஒவ்வொன்றாக எழுதிக் கொண்டாள். நாற்பத்தொன்று இருந்தன. பொறி காட்டிய திகதியைப் பார்த்து 1980 என்று எழுதியவள், பின்பு சிரித்துக்கொண்டே அதனை வெட்டிவிட்டு, அன்றைய திகதியை எழுதினாள்.